அழைப்புக் குடுவை

நோவி சாத்
1978 அக்டோபர் 3, செவ்வாய், மாலை 6.40
சோதித்தது மூன்று முறை. மூன்றிலும் ஒரே முடிவு.

மிலியானா,

நீ அனுப்பிய சின்னக் குப்பி உடையாமல் வந்து சேர்ந்தது. கழுத்தில் நீ கட்டிய சிவப்பு நூலும் அதில் செருகிய பச்சிலையும்கூட அப்படியே இருந்தன. அப்பாவின் மரக்குடுவை வீடு வீடாகப் போகும், நோவி சாத் வரை வராது என்பதால் அதிலிருந்தே ஒரு வாய் எனக்கு ஊற்றி அனுப்பியிருக்கிறாய். உன் கல்யாண அழைப்பு. புரிந்தது. ஆனால் குடிக்கவில்லை.

மூடியைத் திறந்தேன். பிளம் வாசனை இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. நெடி மட்டும் ஏறியது. நாள் முழுக்க ஊரார் மதுவைச் சோதிப்பதுதான் என் உத்தியோகம், அதனால் நேரே பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போனேன். திட்டுவாய். திட்டு. முதலில் இதைப் படி.

குழாய் ஊதாவாக மாறியது. லேசான ஊதா என்றால் கவலையில்லை, பிளம் பழத்தில் காய்ச்சும் எந்த ராக்கியாவிலும் வரும். இது கறுப்பு ஊதா. மெத்தனால். கண்பார்வையைப் பறிக்கிற சாராயம். பழத்திலிருந்து இவ்வளவு வரவே வராது. காய்ச்சும்போது முதல் வடியை ஒதுக்காமல் விட்டாலும் வராது. ஆகவே இது அப்பாவின் செம்பு அண்டாவின் குற்றமில்லை (இதை அவரிடம் சொல்ல வேண்டாம், பாராட்டு என்று நினைத்துக்கொள்வார்). ஏதோ ஆலையிலிருந்து வந்த ஸ்பிரிட்டை யாரோ கலந்திருக்கிறார்கள்.

அழைக்கப்பட்டவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தன் வீட்டு ராக்கியாவால் குடுவையை நிரப்பித் தர வேண்டும். நம் வழக்கம். அதனால் அந்தக் குடுவையில் ஊரே கலந்திருக்கிறது. நிரப்ப நிரப்ப முதலில் ஊற்றியது கரைந்து போகும், கடைசி வீடுகளில் ஊற்றியதுதான் நிற்கும். எனக்குத் தெரிய வேண்டியது: என் குப்பியை எந்த வீட்டுக்குப் பிறகு நிரப்பினாய்? அதற்கு முந்தைய வீடுகள் எவை?

ஒரு வாய் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கல்யாணத்துக்கு எல்லா வீட்டுக் குடங்களும் வரும். இருநூறு பேர் விடிய விடியக் குடிப்பார்கள். 22ஆம் தேதிக்கு முன் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். உடனே எழுது.

ரதோமிர்


லிபோவா
அக்டோபர் 6

அண்ணா,

கல்யாண அழைப்பைச் சோதனைக் குழாயில் ஊற்றிய ஆள் இந்த செர்பியாவிலேயே நீ ஒருத்தன்தான். வருகிறேன் என்று ஒரு வரி உண்டா? கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், உறைக்குள் பார்த்தேன். இல்லை.

போன வருஷம் நம் வீட்டுப் புனிதர் திருநாளன்று நீ செய்தது போதாதா? பாதிரியார் உட்கார்ந்திருக்கிறார், என்னைப் பெண் பார்க்க மோமிர் வீட்டார் முதன்முதலாக வந்திருக்கிறார்கள், நீ சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் குச்சியை எடுத்து அப்பாவின் கிண்ணத்தில் மிதக்கவிட்டு, "முதல் வடியைச் சரியா ஒதுக்கல, தலைவலி வரும்" என்றாய். அப்பா அந்தக் கிண்ணத்தை வாசலில் கொட்டிவிட்டு, "இந்த வீட்டுல அளவு நான்தான். குச்சியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு" என்றார். நீயும் கிளம்பினாய். பதினோரு மாதமாக இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால் பெட்டி.

சரி, கேட்டதற்குப் பதில். குப்பியை நிரப்பியது கடைசி வீட்டுக்குப் பிறகு; அது நம் ஞானத்தந்தை, கும் தனாசியே வீடு.

முதலில் போக வேண்டியதே அங்கேதான். நம் இரண்டு பேரையும் ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவர், என் கல்யாணத்தில் மாலை பிடித்து நிற்கப் போகிறவர். கும்மை விட்டுவிட்டு வேறு வாசல் ஏறலாமா? ஆனால் அப்பா இரண்டு தடவை போனபோதும் தனாசியே லாரியோடு வெளியூர். ஊரில் ஒரு மாதிரிப் பேசினார்கள். மூன்றாம் தடவை மற்ற வீடெல்லாம் முடித்துவிட்டு நானும் அப்பாவும் போனோம்.

"என்னய்யா கும், உன்னைக் கூப்பிடறதா, உன் லாரியைக் கூப்பிடறதா?" என்றார் அப்பா.

"லாரியைக் கூப்பிடு. அது வந்தா நானும் வந்துதானே ஆகணும்."

குடுவையில் அடிமட்டத்தில் ஒரு வாய்தான் இருந்தது. "முந்தின வீட்டுல இதைக் குடுவைன்னு நினைக்கல, கிணறுன்னு நினைச்சுட்டாங்க" என்றார் அப்பா. கும் அதைக் குடித்துவிட்டு நிரப்ப உள்ளே போனார். வர நேரமானது. விளிம்பு வரை நிரப்பியிருந்தார். அவர் மனைவி கொசாரா என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வாரமே, ஜூன் ஆலங்கட்டி மழையில் தோட்டமெல்லாம் போன மனுஷன், பெரிய கண்ணாடிக் குடம் நிறைய ராக்கியா கொண்டுவந்து நம் நிலவறையில் வைத்துவிட்டுப் போனார். கல்யாணத்தில் முதல் கிண்ணம் அதிலிருந்துதான்.

நீ என்ன நினைக்கிறாய் என்று தெரிகிறது. நினைக்காதே. மோமிர் வீட்டார் காதுக்கு எட்டினால் என்ன ஆகும்?

மிலியானா


நோவி சாத்
அக்டோபர் 9, திங்கள், காலை 7.15

மிலியானா,

நினைத்தாகிவிட்டது. குடுவை காலி. நிரப்பியவர் கும். கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. தோட்டத்தில் ஒரு பிளம்கூட இல்லாதவரிடம் குடம் நிறைய ராக்கியா எங்கிருந்து வந்தது என்று நம் வீட்டில் ஒருவருமே கேட்கவில்லையா? கேட்க மாட்டீர்கள். கும்மைக் கேள்வி கேட்பது பாவம். நாளைக்கு அவரே குருடானாலும் கேட்க மாட்டீர்கள்.

கொசாராவிடம் தனியாகப் பேசு. அந்தக் குடத்தை நம் வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. அப்பா உட்பட. முக்கியமாக அப்பா. ருசி பார்க்கிறேன் என்று இறங்குவார்.

என்னை வரச் சொல்கிறாயா, நிஜமாகவே? வாசலில் அப்பா நிற்பார். நான் என்ன சொல்லிக்கொண்டு உள்ளே வருவது? அது பிறகு.

கடைசிப் பத்தி, இரண்டு முறை படி: குடித்த அன்று சாதாரணப் போதைதான் தெரியும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தலைவலி, வாந்தி, பிறகு கண்ணில் பனி விழுவது போல வெள்ளையாக மங்கும். யாருக்காவது அப்படி வந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைக்காதே, வால்யேவோ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. வழியில் நல்ல ராக்கியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், ஆனால் நல்ல சாராயம் உள்ளே இருக்கும் வரை உடம்பு கெட்டதைத் தொடாது. டாக்டர் வரும் வரை நேரம் கிடைக்கும். நல்லது என்றால் நிச்சயமாக நல்லது. அப்பாவின் மல்பெரி மரப் பீப்பாயில் இருப்பது.

ரதோமிர்


லிபோவா
அக்டோபர் 12

அண்ணா,

கொசாராவிடம் பேசினேன். மிளகாய் வறுக்க உதவுகிறேன் என்று போய் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் என்மேல் பாய்ந்தாள்.

"எங்க ராக்கியாவைச் சந்தேகப்பட ஒரு புள்ளை வந்துட்டியா? அண்ணன் எழுதிக் கொடுத்து அனுப்பினானா?"

பிறகு மிளகாய்ப் புகை மேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெறுங்கையோட கும் எப்படிம்மா கல்யாணத்துக்கு வருவான்? அவங்க அப்பா உங்கப்பா கல்யாணத்துக்கு அறுபது லிட்டர் கொண்டு வந்தவர். லாரி நிறுத்துற இடத்துல எவனோ கேன்ல விக்கிறானாம், சுத்த சாராயம்னு. வீட்டுல பழசு கொஞ்சம் இருந்துச்சு. ரெண்டையும் கலந்தாரு. நல்லாத்தான் இருக்குன்னு தினம் ஒரு கிண்ணம் அவரே குடிக்கிறாரு. வெளிய சொன்னே, நான் உன் கல்யாணத்துக்கே வரமாட்டேன்."

யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? "கும் கொடுத்ததை நான் கொட்டுவேனா?" என்பார். நமக்குக் காட்டுவதற்காகவே ஒரு கிண்ணம் ஊற்றிக் குடிப்பார். சொல்லாவிட்டால் முதல் கிண்ணம் இருநூறு பேருக்கும் போகும். குடத்தை நானே தட்டி உடைத்துவிடலாமா? கும் குடம் உடைந்த கல்யாணம் என்று சாகும் வரை சொல்வார்கள். உடைத்தாலும் அவர் இன்னொன்று கொண்டுவருவார்.

ராத்திரி தூக்கமில்லை. கல்யாணச் சட்டை இடுப்பில் தளர்ந்துவிட்டது, தையல்காரி திட்டுகிறாள்.

இன்னொன்று. இதை நீ எழுதியதோடு முடிச்சுப் போடாதே. நேற்று கும் எங்கள் வாசல்படியில் தடுக்கினார். இன்றைக்கு லாரி எடுக்கவில்லை. தலை வலிக்கிறதாம், முற்றத்தில் பனி இறங்கினது மாதிரி இருக்கிறதாம். லாரி ஓட்டுகிற களைப்பு என்கிறாள் கொசாரா. ஐம்பதை நெருங்குகிறார், கண்ணாடி போட வேண்டிய வயசுதானே? ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

மிலியானா


நோவி சாத்
அக்டோபர் 14, சனி, காலை 8.05

மிலியானா,

உன் கடிதம் ஐந்து நிமிடத்துக்கு முன் வந்தது. தபால் நிலையத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன். தந்தி கொடுத்துவிட்டேன்: "கடைசிப் பத்தியில் எழுதியதைக் கும்முக்கு இப்போதே செய்." அதற்கு மேல் எழுதினால் தந்தி கொண்டுவருகிறவள் ஊரெல்லாம் வாசித்துக் காட்டுவாள்.

இதைப் படிக்கும்போது அவர் ஆஸ்பத்திரியில் இல்லையென்றால் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடு.

இரண்டு நாள்! பனி இறங்குகிறது என்று அந்த மனுஷன் தன் வாயாலேயே சொன்ன பிறகு ஞாயிறு வரை பார்க்கலாம் என்றா எழுதுவாய்? நான் எழுதின வார்த்தையையே அவர் சொல்லியிருக்கிறார்!

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே, எதிர்மாறாகச் செய்வார். அந்தக் கேன் விற்றவன் இன்னும் எத்தனை பேருக்கு விற்றானோ.

அவர் என்னைத் தோளில் தூக்கி லாரிக்குள் உட்கார்த்தி வைப்பார். ஸ்டியரிங்கைப் பிடிக்க விடுவார். உனக்கு ஞாபகமிருக்காது.

எழுது. ஒரே வரியானாலும் எழுது.

ரதோமிர்


லிபோவா
அக்டோபர் 17

அண்ணா,

உயிரோடு இருக்கிறார். வலது கண் தெளிந்து வருகிறது. இடது கண்ணில் மூடுபனி அப்படியே இருக்கிறது, அது விலகுமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் இரண்டும் போயிருக்கும் என்றார். நீ திட்டியது சரிதான். அந்த இரண்டு நாளை நான் எங்கே கொண்டு வைப்பேன்?

தந்தியை வாங்கியது அப்பா. முற்றத்தில் பந்தல் போடுகிறவர்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். வாசித்துவிட்டு, "என்னடி கடைசிப் பத்தி?" என்றார். உன் கடிதங்களை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும். "முக்கியமாக அப்பா" என்று எழுதியிருந்தாயே, அது உட்பட. உட்கார்ந்து படித்தார். திட்டுவார் என்று நின்றேன். நிலவறைக்கு இறங்கினார்.

சுத்தியல் சத்தம் கேட்டது. நான் பிறந்த அன்றைக்கு நிரப்பி முத்திரை வைத்த பீப்பாய், அண்ணா. கல்யாணத்தன்று கும் கையால் திறக்க வேண்டியது. ஒரு பாட்டில் பிடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். மோமிர் கார் கொண்டுவந்தான். கும் வீட்டுக்குப் போனோம்.

அங்கே அக்கம்பக்கமெல்லாம் கூடியிருந்தது. கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகத்துக்கு நேரே கையை ஆட்டினால்தான் தெரிந்தது. யாரோ, "என்ன குடிச்சே, எதைக் குடிச்சே?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். கொசாரா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கும் வாயைத் திறந்தார். அப்பா முந்திக்கொண்டார்.

"என் ராக்கியாவைத்தான் குடிச்சான். போன வாரம் என் பீப்பாயிலேருந்து ஒரு பாட்டில் ருசி பார்க்கக் கொடுத்தேன். பீப்பாய் கெட்டுப்போச்சு. எம் பையன் நோவி சாத்துல சோதிச்சுத் தந்தி அடிச்சிருக்கான். தப்பு என்னோடது."

 யார் சொல்கிறது! கல்யாண வீடு, சாவு வீடு எங்கே போனாலும் அடுத்தவன் ராக்கியாவைத் தொட்டு நாக்கில் வைத்து முகம் சுளிக்கிற மனுஷன்.

காரில் நாங்கள் மட்டும். மோமிர் ஓட்ட, நான் முன்னால். பின்னால் அப்பா பாட்டிலைத் திறந்து கும் வாயில் வைத்தார். அவர் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார்.

"யோவ் ஓப்ராத். இது நல்லா இருக்கே."

"வாயை மூடிக்கிட்டுக் குடி."

"இது பொண்ணு பீப்பாய்தானே?"

"குடிக்கச் சொன்னேன், பேசச் சொல்லல."

வால்யேவோ வரை கும் வாய்க்கு வாய் குடித்துக்கொண்டே வந்தார். மோமிர் ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டே ஓட்டினான். ஆஸ்பத்திரியில் கும்மே டாக்டரிடம் கேன் விஷயத்தைச் சொல்லிவிட்டார், விற்றவன் அடையாளத்தையும் சொன்னார். அது அந்த அறையோடு இருக்கிறது.

மறுநாள் அப்பா ஊர் பார்க்க எல்லாவற்றையும் கொட்டினார். முதலில் கும் குடம். "இதுலயும் என்னோடதைக் கலந்து வெச்சுட்டேன்" என்றார். கொசாரா அதைக் கேட்டுவிட்டு தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்து பீப்பாய். இருபத்திரண்டு வருஷம். மண் குடிக்கக் குடிக்க முற்றமெல்லாம் பிளம் வாசனை. கோழிகளை அடைத்துவைத்தோம். கிழவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். கெட்டுப்போன ராக்கியா இப்படியா மணக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இப்போது பயம் இதுதான். மோமிரின் அம்மா வந்து, "கும்முக்கே விஷம் வெச்ச வீடுன்னு பேசிக்கிறாங்க. எங்க சொந்தக்காரங்க உங்க பந்தியில கை நனைப்பாங்களான்னு தெரியல" என்றாள். மோமிருக்கு உண்மை தெரியும், ஆனால் அப்பா அவனிடம் சத்தியம் வாங்கிவிட்டார். பாதி ஊர் வராது போலிருக்கிறது. வந்தாலும் கிண்ணத்தைத் தொட மாட்டார்கள். யாரும் குடிக்காத கல்யாணத்தில் நான் எப்படி நிற்பேன்?

நேற்று அப்பா என்னைக் கூப்பிட்டார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்கண்ணனுக்கு எழுது. அந்தக் குச்சியை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. வாசல்ல நின்னு, வர ஒவ்வொரு குடத்தையும் எல்லார் முன்னாலயும் சோதிச்சு, நல்லதுன்னு சொல்லட்டும். என் பேச்சை இனிமே எவனும் நம்ப மாட்டான். அவன் சொன்னா நம்புவாங்க. அவன்தான் யார் மூஞ்சியையும் பாக்காம சொல்றவனாச்சே."

பிறகு ஒரு பாட்டிலை நீட்டினார். பீப்பாயைக் கொட்டுவதற்கு முன் பிடித்து வைத்தது. பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். "இதையும் சோதிக்கட்டும். முதல் வடியைச் சரியா ஒதுக்கினேனா இல்லையான்னு சொல்லட்டும்" என்றார். இதைச் சொல்லும்போதும் ஜன்னலைத்தான் பார்த்தார்.

பீப்பாயைப் பற்றி யார் கேட்டாலும் கெட்டிருந்தது என்றுதான் நீ சொல்ல வேண்டும். உன்னால் முடியுமா?

மிலியானா


நோவி சாத்
அக்டோபர் 19, வியாழன், மதியம் 1.20

மிலியானா,

பாட்டில் வந்தது. சோதித்தேன். குழாயில் ஊதா கிட்டத்தட்ட இல்லை, விடிகிற நேரத்து வானம் அளவுக்குத்தான். முதல் வடியை ஒழுங்காக ஒதுக்கியிருக்கிறார். நான்கு வருஷமாக இந்தக் கூடத்துக்கு வந்த எந்தப் பாட்டிலும் இதன் பக்கத்தில் நிற்காது. படித்ததும் இந்தத் தாளை அடுப்பில் போடு.

நான் பொய் சொன்னதில்லை. உனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். அதனால்தான் நான் சொன்னால் நம்புவார்கள், அதனால்தான் அப்பா என்னைச் சொல்லச் சொல்கிறார். அவர் தன் வாழ்நாளில் காய்ச்சிய மிக நல்ல ராக்கியாவைக் கெட்டது என்று அவருடைய வாசலிலேயே நின்று நான் சொல்ல வேண்டும். போன வருஷம் உண்மையைச் சொன்னதற்குத் துரத்தினார். காலையிலிருந்து கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன். வேலை ஓடவில்லை. வாய் குழறிவிட்டால்? மோமிரின் அம்மா கூர்ந்து கேட்கிறவள்.

ஆனால் அந்தக் காரின் பின்சீட்டை நினைத்துப் பார்க்கிறேன். முடியும்.

செய்யப் போவது:

1. கேன் விற்றவனைப் பற்றி இன்று மாலையே சுகாதார அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பேன். சோதனை முடிவு இருக்கும், கும் பெயர் இருக்காது.

2. நாளை மதிய ரயிலில் கிளம்புவேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம்.

3. சனிக்கிழமை காலை வால்யேவோவில் இறங்கி ஆஸ்பத்திரியில் கும்மைப் பார்ப்பேன். அவரை விடுவிப்பார்கள் என்றால் நானே கூட்டி வருவேன். மாலை பிடிக்கிற கைக்கு ஒரு கண் போதும். அவர் வெறுங்கையோடு வந்தால் போதும் என்று யாராவது அவரிடம் சொல்ல வேண்டும், நான் சொல்வேன்.

4. குச்சி, குழாய்கள், மருந்துகள் எல்லாவற்றையும் கொண்டுவருவேன். ஞாயிறு விடிந்ததும் வாசலில் மேஜை போட்டு நிற்பேன். ஒவ்வொரு குடத்தையும் சோதிப்பேன். ஒவ்வொன்றிலும் முதல் வாய் நான் குடிப்பேன், மோமிரின் அம்மா பார்க்கும்படி. மதியத்துக்குள் நான் நேராக நிற்க மாட்டேன், அதற்கு இப்போதே மன்னிப்பு.

5. பீப்பாயைப் பற்றிக் கேட்டால், "கெட்டிருந்தது" என்பேன். அந்த ஒரு வார்த்தைதான். ரயிலில் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொள்வேன்.

6. யாருமில்லாத நேரம் பார்த்து அப்பாவிடம் சோதனை முடிவைச் சொல்வேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சொல்வேன்.

7. நீ அனுப்பிய சின்னக் குப்பியைக் கொதிக்கும் நீரில் நான்கு முறை கழுவிவிட்டேன். சோதனைக்குப் போக மீந்த உன் பீப்பாய் ராக்கியாவை அதில் ஊற்றி, சிவப்பு நூலைத் திரும்பக் கட்டி, உன் கையில் தருவேன். அழைக்கப்பட்டவன் நிரப்பித்தானே தர வேண்டும்.

ரதோமிர்